ஜேர்மன் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் துஷ்யந்தன் நல்ல பிள்ளை. ஆனால் வருடாந்த விருந்து நெருங்கினால் அவருடைய தொலைபேசி அழைப்பைக் கண்டு ஒளிக்காத தமிழன் மொன்றியலில் இல்லை. கடைக்காரரிடம் விளம்பரம் கேட்பார். சமைக்கத் தெரிந்தவர்களிடம் வடை கேட்பார். எழுதத் தெரியும் என்று யார்மீது சந்தேகம் வருகிறதோ அவரிடம் விருந்து மலருக்குக் கட்டுரை கேட்பார். போன மாதம் நான் அகப்பட்டேன்.

“அண்ணை, நீங்கள் வேலையும் விட்டு வீட்டில சும்மாதானே இருக்கிறியள். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒண்டு எழுதித் தாங்கோவன்.”

“எங்கட பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுத உனக்கு ஆக்கள் வரிசையில நிக்கினம் தம்பி. அதே கிரிக்கெட் மச், அதே கணக்கு வாத்தியாரின்ர அடி. நான் என்னத்தைப் புதுசா எழுதுறது?”

“அப்ப உங்கட வேலையைப் பற்றி எழுதுங்கோ. இப்ப எல்லாம் மெசின்தானே செய்து தருது. கையால செய்த ஆள் ஒருத்தர் எங்களுக்குள்ள இருக்கிறார் எண்டு பெடியளுக்குத் தெரியட்டும்.”

சரி என்றேன். வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்குள் ஒரு பள்ளிக்கூடமும் வரும். அது நம்முடையது அல்ல. நான் ஒரு நாளும் கால் வைக்காத, இனிமேல் யாராலும் கால் வைக்க முடியாத ஒரு ஜேர்மன் பள்ளிக்கூடம். துஷ்யந்தன் கோபித்தால் கோபிக்கட்டும்.

நான் பார்த்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு கட்டிடத்தைக் கட்டுவதற்கு முன்னால், அது எப்படி இருக்கும் என்று காட்ட, மேசை மேல் வைக்கிற அளவில் மரத்திலும் மட்டையிலும் ஒரு மாதிரி செய்வார்கள் அல்லவா, அதைச் செய்கிறவன் நான். என் மனைவி வசந்தி ஊருக்குக் கடிதம் எழுதும்போது, “இவர் பொம்மை வீடு செய்யிற இடத்தில வேலை செய்யிறார்” என்று எழுதிவிட்டாள். மாமி அந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டவில்லையாம்.

ஊரில் நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞன். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து, டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினேன். அந்தக் கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். தொண்ணூறில் ஒருவர் சொல்லித்தான் ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட, பழைய தையல் தொழிற்சாலை ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்த அந்தப் பட்டறைக்குப் போனேன். உடைந்த ஆங்கிலமும் உடையாத பயமும்தான் என்னிடம் இருந்த தகுதி.

பட்டறையின் சொந்தக்காரி மதாம் ஜிசேல். ஐம்பது தாண்டிய கியூபெக்காரி, கட்டையான பெண். நரைத்த கொண்டைக்குள் பென்சிலைச் செருகிவிட்டு அதே பென்சிலை மேசை முழுக்கத் தேடுவார். நான் கொண்டுபோன சான்றிதழ்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு மட்டையையும் அடிமட்டத்தையும் கூரான கத்தியையும் தந்து, ஒரே அகலத்தில் கீலங்கள் வெட்டச் சொன்னார். வெட்டியவற்றை அடுக்கி, விளிம்பில் நகத்தை ஓடவிட்டார். நகம் எங்கும் தடக்கவில்லை. “நாளைக்கு வாரும்” என்றார்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் வருகிற வெள்ளைக்காரர் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார்கள். அவர்கள் பேசியது பிரெஞ்சும் ஆங்கிலமும்தான். ஆனால் என் மனதில் தங்கியது இப்படித்தான், அதை இனி மாற்றி எழுத எனக்கு வராது.

முதல் வருடம் எனக்குத் தந்த வேலை மரம் செய்வது. கட்டிடத்தைச் சுற்றி நிற்கிற சின்ன மரங்கள். மெல்லிய கம்பிகளை முறுக்கி அடிமரமாக்கி, நுனியை விரித்து, அதில் பஞ்சுத் தூளை ஒட்ட வேண்டும். நானும் ஒரு கிழமை இருந்து ஒரு தட்டு நிறையச் செய்தேன். மதாம் பார்த்தார். தட்டை ஒற்றை விரலால் என் பக்கமாகத் தள்ளிவிட்டார். எனக்கு விளங்கவில்லை. பக்கத்து மேசை இத்தாலியன்தான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னான், மொன்றியலில் ஒரு வங்கியைச் சுற்றித் தென்னந்தோப்பு நிற்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று. எல்லா மரமும் நெட்டையாக, உச்சியில் மட்டும் குடுமியோடு நின்றன. கை தனக்குத் தெரிந்த மரத்தைத்தானே செய்யும்.

அந்த ஒற்றை விரல்தான் மதாமின் மொழி. பிழை என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். செய்ததை உங்கள் பக்கம் தள்ளிவிட்டால் திரும்பச் செய்ய வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு போனால் சரி. பாராட்டு என்றால் அவ்வளவுதான்.

அவர் ஒரு மாதிரியைப் பரிசோதிக்கிற விதத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. முதலில் கூரை விளக்குகளை எல்லாம் அணைப்பார். பிறகு ஒரு மேசை விளக்கைக் கையில் எடுத்து, மாதிரிக்குப் பக்கத்தில் மிகத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி நடப்பார். சுவர் எங்கே நேராக இல்லை, எந்த யன்னல் சட்டம் ஒரு மயிரளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று நிழல் காட்டிக் கொடுத்துவிடும். கடைசியாக முழங்காலில் இருந்து, நாடியை மேசை விளிம்பில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். “மேல நிண்டு பாக்கிறது குருவி. கட்டிடத்துக்குள்ள போறது மனிசன். மனிசன்ர கண் எங்க இருக்கோ அங்க இருந்து பாரும்” என்பார். நான் வேலை விட்டு வருகிற கடைசி நாள்வரை முழங்காலில் இருந்துதான் பார்த்தேன். இப்போது என் முழங்கால் அதற்குப் பழிவாங்குகிறது.

சில வருடங்கள் போயின. மரத்திலிருந்து படிக்கு, படியிலிருந்து யன்னலுக்கு, யன்னலிலிருந்து கூரைக்கு ஏறினேன். இடையில் கியூபெக் தனியாகப் போவதா இல்லையா என்ற வாக்கெடுப்பு வந்தது. பட்டறையில் மதாம் ‘ஓம்’ பக்கம், இத்தாலியன் ‘இல்லை’ பக்கம். இருவரும் மதியச் சாப்பாட்டின்போது சண்டை பிடித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் பசை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். தனிநாட்டுக் கதை கேட்டுக் களைத்துப்போய் வந்தவனிடம் என்ன கேள்வி அது. அந்த வாக்கெடுப்பு முடிந்த குளிர்காலத்தில்தான் பிரான்ட் வந்தார்.

ஹெல்முட் பிரான்ட், ஓய்வுபெற்ற பொறியியலாளர், எழுபதைத் தாண்டிய நெடிய மனிதர். சப்பாத்தில் ஒட்டிய பனியை வாசலிலேயே தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். போருக்குப் பிறகு ஜேர்மனியிலிருந்து வந்து இங்கே குடியேறியவர். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் படித்த இன்னும் ஐந்தாறு கிழவர்கள் மொன்றியலில் இருந்தார்கள். மாதம் ஒருமுறை கூடிக் கேக் சாப்பிட்டுப் பள்ளிப் பாட்டுப் பாடுவார்களாம். பழைய மாணவர் சங்கம் என்றால் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லையே. மனிதர் மேல் உடனே ஒரு பாசம் வந்துவிட்டது.

அவர் மேசையில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்தார். பள்ளிக்கூடத்தின் சரித்திரம். அவர் பக்கம் பக்கமாகச் சொல்லச் சொல்ல, நான் அதைக் கட்டிடமாகவே விளங்கிக்கொண்டேன். கீழ்த் தளத்து வளைவுகள் துறவிகள் கட்டியவை, அது முதலில் அவர்களுடைய மடம். பிறகு அந்த நாட்டு இளவரசர் சமயம் மாறி, துறவிகளை அனுப்பிவிட்டு, அதே கட்டிடத்தில் பையன்களுக்கு லத்தீன் படிப்பிக்கத் தொடங்கினார். பக்கத்தில் நிற்கிற வட்டப் படிக்கட்டுக் கோபுரம் அவர் கட்டியது. பிறகு ஊரே எரிந்த ஒரு தீ. அதற்குப் பிறகுதான் அந்தச் சரிந்த பெரிய கூரை. பிறகு பிரெஞ்சுப் படை வந்து வகுப்பறைகளில் குதிரை கட்டியது. ஊரில் காசு புழங்கிய காலத்தில் முன்னால் அகலமான கற்படிகளும் வாசலும் வந்தன. இத்தனை நூற்றாண்டும் தப்பிய பள்ளிக்கூடம் இரண்டாம் உலகப் போரின் கடைசியில், ஒரே குண்டுவீச்சில் நிலத்தோடு போய்விட்டது.

“இப்ப அந்த இடத்தில சீமெந்துக் கட்டிடம்தான் இருக்கு. பள்ளிக்கூடம் நடக்குது, பிள்ளையள் படிக்குதுகள். பழசு எப்பிடி இருந்ததெண்டு அவைக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் பெரிய விழா ஒண்டு வருது. மொன்றியல் ஆக்கள் நாங்கள் இதைச் செய்து அனுப்பப் போறம்” என்றார் பிரான்ட்.

குண்டு விழுந்த பள்ளிக்கூடத்தைப் பார்க்க நான் ஜேர்மனிக்குப் போக வேண்டியதில்லை. மதாம் என்னைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். முதன்முதலாக ஒரு முழுக் கட்டிடத்தையும் என் பொறுப்பில் விட்டது அப்படித்தான்.

முன்பக்கம் செய்ய ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. புத்தகம் நிறையப் படங்கள். செதுக்கிய படம், வர்ணப் படம், புகைப்படம், எல்லாம் இருந்தன. ஒரு பிரச்சினைதான். தலைமுறை தலைமுறையாக வந்தவர்கள் எல்லாரும் முன்பக்கத்தையே வரைந்திருந்தார்கள். பின்பக்கத்தை ஒருவர்கூட வரையவில்லை. பழைய ஊர்ப் படம் ஒன்றில் கட்டிடத்தின் நீள அகலம் மட்டும் இருந்தது. பின்பக்கம் ஒரு முற்றம், ஒரு மதில், அவ்வளவுதான்.

“உங்களுக்கு ஞாபகம் இருக்குந்தானே?” என்று கிழவர்களைக் கேட்டோம். ஒரு சனிக்கிழமை எல்லாரும் கேக்கோடு வந்தார்கள். ஆளுக்கொரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னோம். முன்வாசல் கற்படியில் எந்தப் படி உடைந்திருந்தது என்பதுவரை எல்லாருடைய தாளும் ஒத்துப்போயிற்று. பின்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. ஒருவர் மாட்டுக் கொட்டில் மாதிரி ஒன்றை வரைந்தார். இன்னொருவர் பூந்தோட்டம் வைத்தார். மூன்றாமவர் தாளை வெறுமையாகவே தந்துவிட்டு, “நாங்கள் முதல் நாளிலயிருந்து முன்வாசலால போய் வந்த ஆக்கள். பின்னுக்கு என்ன இருந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். பிரான்டும் தலையாட்டினார்.

வீட்டில் இதைச் சொன்னபோது வசந்தி சிரித்தாள். “என்னப்பா இது, பின்பக்கம் இல்லாத கட்டிடமும் இருக்கே? ஆராவது பின்னால போனவையைக் கேளுங்கோவன்.”

மதாமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். இங்கே ஜேர்மன்காரர் வாசிக்கிற செய்தித்தாளில் ஓர் அறிவித்தல் போடச் சொன்னார். இந்த ஊர், இந்தப் பள்ளிக்கூடம், பின்பக்கம் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும் என்று பிரான்ட் தன் பெயரைப் போட்டு, பட்டறையின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார்.

ஒரு கிழமை கழித்து ஒருவர் அழைத்தார். குரல் மெலிவாக இருந்தது. “எனக்கு முன்பக்கம் தெரியாது. பின்பக்கம் முழுக்கத் தெரியும்” என்றார். பெயர் வால்டர் ரோசன். கோட்-டெ-நெய்ஜில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வெடுத்தவர். அந்தப் பேப்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். மீன் சுற்றித் தந்தார்கள் என்றார். அது பகிடியா உண்மையா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அவர் பேருந்தில் வந்து இறங்கி, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சின்ன உருவம், பெரிய காது, தடித்த கண்ணாடி. பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். வரையத் தெரியாது என்றார். “நடந்து காட்டுறன். நீர் பார்த்துக் கீறும்.”

நாங்கள் மேசைகளை எல்லாம் சுவரோரம் தள்ளினோம். நான் வெண்கட்டியோடு நிலத்தில் குந்தினேன். ரோசன் நடந்தார். “இது பின் கேற். இதால உள்ளுக்கு வாறன். வலப்பக்கம் தண்ணிக் குழாய், இரும்புக் கைபிடி. இதில நாலு பெடியள் நெருங்கி நிக்கலாம். இஞ்ச விறகுக் கொட்டில். இதில ஒரு மரம், அதைச் சுத்தி இருக்கிறதுக்கு வாங்கு.” ஒவ்வொன்றுக்கும் நின்று, சப்பாத்து நுனியால் தட்டிக் காட்டினார். நான் கோடு போட்டேன். பட்டறை நிலத்தில் மெல்ல மெல்ல ஒரு முற்றம் வந்தது. எழுபது வயதுக் காலும் பதினைந்து வயதுக் காலும் ஒரே எட்டு வைக்காது என்று எனக்குக் கவலை. மதாம் அதற்கும் வழி சொன்னார். மதிலின் முழு நீளம் ஊர்ப் படத்தில் இருக்கிறது. அந்த நீளத்தை ரோசனின் எட்டுகளால் பிரித்தால் ஓர் எட்டு எவ்வளவு என்று வந்துவிடும். மற்றதெல்லாம் அதே கணக்கில் அளந்தேன். பொருந்தியது.

“மற்ற ஆக்கள் முதல் நாளிலயிருந்து முன்வாசலால வந்ததெண்டு சொல்லினமே ஐயா” என்றேன்.

ரோசன் சிரித்தபடி பட்டறைச் சுவரோரம் கிடந்த வாங்கில் இருந்தார். “அந்தப் பள்ளிக்கூடத்தில ஒரு வழக்கம் இருந்தது. முன்வாசல் கடைசி வகுப்புக்காரருக்கு மட்டும்தான். மற்ற எல்லாரும் பின் கேற்றாலதான் வர வேணும். மாறி ஏறினால் பெரிய பெடியள் காதை முறுக்கி அனுப்புவினம். ஏழெட்டு வருசம் பின்னால வந்து போனால்தான் ஒரு வருசம் முன்னால ஏறலாம். அந்த ஒரு வருசம் கிடைச்சவைக்கு மற்றதெல்லாம் மறந்து போச்சுப்போல. எனக்கு அந்த வருசம் கிடைக்கேல்லை.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். யூதப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களிலிருந்து நீக்கிய காலம் அது. பள்ளிக்கூட அதிபர் வகுப்புக்கு வந்து அவரை மட்டும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாராம். “பின்படி வரைக்கும் வந்து கை குடுத்தார். நல்ல மனிசன். பேந்து நான் தனிய முற்றத்தைத் தாண்டிப் போக வேணும். கேற்றடியில காவல்காரன் பூட்டுறதுக்குத் திறப்போட நிண்டவன். எங்கட வகுப்பு யன்னல் முழுக்கத் தலையள். ஒருத்தரும் கத்தேல்லை, நக்கலடிக்கேல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நிண்டவை. பிரான்டும் நிண்டவன். எனக்குப் பக்கத்து வாங்குக்காரன்.”

நான் வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவர் நிலத்தில் கிடந்த முற்றத்தைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார்.

“உங்கட அந்தப் புத்தகத்தில கடைசி வகுப்பு முடிச்சவையின்ர பேர்தான் இருக்கும். என்ர பேர் இருக்காது. முன்படியில நான் ஏறினதே இல்லை. இந்தப் பின்பக்கமும் இல்லையெண்டால், நான் அந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சதுக்கு உலகத்தில ஒண்டும் இல்லை. அதுக்காகத்தான் மூண்டு மாடி ஏறினனான்.”

அன்று மாலை மெற்றோவில் வரும்போது என் தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டேன். சும்மா ஒரு வேலையாக இருந்தது இனி வேலையாக இல்லை.

பிரான்டுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன், பின்பக்கம் தெரிந்த ஒருவர் கிடைத்துவிட்டார், வால்டர் ரோசன் என்று. “அவன் இந்த ஊரிலேயா இருக்கிறான்?” என்றார். பிறகு வைத்துவிட்டார். ஒரே நகரத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் இருவரும் இருந்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பிரான்ட் நேரே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. மதாமிடம் பேசினார். மாதிரியை ஏற்றி அனுப்புகிற கப்பலுக்கு நாள் கிட்டுகிறது, பின்பக்கத்துக்கு நேரம் போதாது, அதை வெறும் பலகையால் மூடிவிடுங்கள் என்றார். “எப்பிடியும் சுவரோட ஒட்டித்தானே வைப்பினம். ஆரும் பின்னால போய்ப் பார்க்கப் போறேல்லை.”

நான் கீறி முடித்த பின்பக்கப் படம் மேசையில் கிடந்தது. குழாய், கொட்டில், மரம், இரண்டு வரிசை யன்னல், பின்படி, கேற். வாடிக்கையாளர் சொன்னால் செய்வதுதான் தொழில். ரோசனுக்கு நான் என்ன சொல்லுவேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதாம் கொண்டையில் பென்சிலைத் தேடி எடுத்தார். படத்தின் மேல் ஒற்றை விரலை வைத்தார். பிரான்ட் பக்கமாக மெல்லத் தள்ளினார்.

“கட்டிடத்துக்கு நாலு பக்கம் மிஸ்யூ பிரான்ட். மூண்டு பக்கம்தான் வேணுமெண்டால் வேற ஆளைப் பாருங்கோ. இதுவரை செய்த வேலைக்கு ஒண்டும் தர வேண்டாம்.”

பிரான்ட் படத்தைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். சம்மதமா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. மதாம் படத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். “தொடங்கும்” என்றார்.

அந்தப் பின்பக்கத்தை நான் செய்த மாதிரி வேறு எதையும் செய்ததில்லை. சுவருக்கு நார் தெரியாத வெளிர் மரத் தகடு. கல்லெல்லாம் ஒவ்வொன்றாகச் செதுக்கக் கூடாது, எல்லாவற்றையும் செய்தால் கண் எங்கும் தங்காது என்பது மதாமின் சட்டம். மூலைக் கற்களையும் படியையும் மட்டும் செதுக்கினேன். கூரை ஓட்டுக்கு மட்டைக் கீலங்களைக் கீழ் வரிசையிலிருந்து தொடங்கி ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினேன். மேலிருந்து தொடங்கினால் மழை உள்ளே போகும் என்பார் மதாம், மேசை மேல் மழை பெய்யப் போவதுபோல. யன்னல்களுக்குக் கண்ணாடிபோன்ற மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் கூரான ஊசியால் கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்குள் வெள்ளை மையைத் தேய்த்துத் துடைத்தேன். குழாயின் கைபிடி ஒரு குண்டூசி. ரோசன் கிழமைக்கு ஒருமுறை வருவார். ஜான்-டலோன் சந்தையில் அப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, ஆளுக்கொன்று தந்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் நிற்பார். “கொட்டில் கதவு இன்னும் கொஞ்சம் கோணல்” என்பார். நேராகச் செய்யக் கற்றவன் அவருக்காகக் கோணலாகச் செய்தேன். அவர் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் நிறைகிறது.

பனி உருகத் தொடங்கியபோது வேலை முடிந்தது. பெட்டியில் அடைப்பதற்கு முதல் நாள், கிழவர்கள் எல்லாரையும் பார்க்க அழைத்திருந்தோம். மாதிரியைப் பட்டறை நடுவில், யாரும் சுற்றி நடக்கிற மாதிரி வைத்தேன். ரோசனையும் வரச் சொல்லியிருந்தார் மதாம். பிரான்டுக்கு அதைச் சொல்லியிருந்தாரா என்று எனக்குத் தெரியாது.

கிழவர்கள் வந்தார்கள். முன்வாசலைக் கண்டதும் பள்ளிக்கூடப் பெடியள் ஆகிவிட்டார்கள். உடைந்த படியைக் காட்டி ஒருவரை ஒருவர் இடித்தார்கள். ஒருவர் பாடவும் தொடங்கினார். ரோசன் எல்லாருக்கும் பிந்தி வந்து, ஒருவரோடும் கைகுலுக்காமல், நேரே முன்பக்கத்துக்குப் போனார். மதாம் செய்வதுபோலவே முழங்காலை மடித்து, கண்ணாடியைக் கழற்றி, முன்வாசல் கதவின் இடைவெளியால் உள்ளே பார்த்தார்.

“உள்ளுக்கு ஒண்டுமில்லையே.”

“ஓம் ஐயா, வெளிப்பக்கம் மட்டும்தான் நாங்கள் செய்யிறது” என்றேன்.

“அப்ப நான் பெரிசா ஒண்டையும் தவற விடேல்லை.”

மதாம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு. ஒன்றிரண்டு கிழவர்களும் சிரித்தார்கள், எதற்கென்று முழுதாக விளங்காமலே.

பிரான்ட் மட்டும் முன்பக்கத்தில் இல்லை. மாதிரியின் மறுபக்கம், பின்பக்கத்தைப் பார்த்தபடி தனியாக நின்றார். பிறகு அவருடைய விரல் மேல் வரிசையில் ஒரு யன்னலுக்கு முன்னால், தொடாமல் நின்றது.

“இது மூடி இருக்கேல்லை” என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். ரோசன் ஜேர்மன் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டவர் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மாதிரிகளில் எல்லா யன்னலும் மூடித்தான் செய்வோம் என்று நான் விளக்கப் போனேன். மதாம் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இது திறந்து இருந்தது. நான்தான் திறந்தனான்.” பிரான்ட் ரோசன் இருந்த பக்கம் திரும்பினார். “வால்டர், உன்னைக் கூப்பிடத்தான் திறந்தனான். கூப்பிட ஏலாமப் போச்சு.”

ரோசன் மெல்ல எழுந்தார். அவருக்கும் பிரான்டுக்கும் நடுவில் அந்தக் கூரை மட்டும் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“திறந்த சத்தம் எனக்குக் கேட்டது ஹெல்முட். நீ கூப்பிடுவாய் எண்டுதான் நான் மெதுவா நடந்தனான்.”

பிரான்ட் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க எனக்குத் தோன்றவில்லை. மதாம் கத்தியை எடுத்து என் கையில் வைத்தார். முடிந்துபோன வேலையில் கத்தி வைக்க விடாத பெண் அவர். நான் முழங்காலில் இருந்து, அந்த ஒரு யன்னலை மட்டும் சட்டத்தோடு அறுத்து எடுத்து, வெளிப்பக்கமாகத் திறந்து ஒட்டினேன். ரோசன் சுற்றி வந்து பிரான்டுக்குப் பக்கத்தில் நின்றார். பசை காயும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.